கவுண்டிக்கு வந்த சீர்

1

நேற்று எங்கள் கூட்டமைப்புக்கு ஒரு வயது முடிந்தது. பழைய சாக்ஸ் மில்லின் வாசலில் மேசை போட்டு, கேக் வெட்டி, ஆளுக்கொரு துண்டு தின்றோம். கேக்கின் மேல் பூசியிருந்த பச்சை க்ரீம் இன்னும் என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊரில் என்றால் இந்த வயதுக் குழந்தைக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவோம். எங்கள் கூட்டமைப்புக்கும் ஒரு தாய்மாமன் உண்டு. அவர் திருப்பூரில் இருக்கிறார். என் அண்ணன்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் கவுண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம் தாலுகா மாதிரி ஒன்று. எங்களுடையதில் நான்கு சின்ன ஊர்கள், நடுவே சோளக்காடு, சர்க்கரைவள்ளிக்கிழங்குக் காடு, மாட்டுப் பண்ணைகள். நம் பக்கத்துக் கணியூரில் ஓடும் பஸ்ஸையெல்லாம் நிறுத்திவிட்டு, பேசுகிற சனத்தில் முக்கால்வாசியை ஊருக்கு அனுப்பிவிட்டால் நாங்கள் இருக்கும் இடம் வந்துவிடும். என் வீட்டுக்காரர் இங்கே கவுண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர். உள்ளூர் டாக்டர்கள் யாரும் வர மாட்டேன் என்கிற இடத்துக்குத்தான் எங்களைப் போன்றவர்களுக்கு விசா சீக்கிரம் கிடைக்கும். அப்படித்தான் அமெரிக்கா என்று சொல்லி என்னை இந்தச் சோளக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தென்பக்கத்து அமெரிக்கர்கள் பேசுவது சினிமாவில் கேட்கிற இங்கிலீஷ் இல்லை. வார்த்தையை இழுப்பார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் 'மேடம்', 'சார்' போடுவார்கள். சின்னவர்களைப் பார்த்தால் 'ஹனி' என்பார்கள். கொஞ்ச நாள் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, அது நம் 'ங்க'வும் 'கண்ணு'வும்தான். அதனால் இவர்கள் பேசியதை நான் கொங்குத் தமிழிலேயே எழுதப்போகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

2

நாங்கள் வருவதற்கு முன்பே மில்லை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு ஒருவராவது அதில் வேலை பார்த்திருக்கிறார்கள். 'வேலையெல்லாம் ஆசியாவுக்குப் போய்விட்டது' என்று கடையில், சர்ச் வாசலில், எங்கே நின்றாலும் காதில் விழும். சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றி, "வெயில் நெம்பத்தானுங்க" என்பார்கள். அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தும்.

கவுண்டி ஆபீஸில் பகுதிநேர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். உள்ளூர்ப் பொருளாதாரத்தை நிமிர்த்துவதற்கென்று ஒரு சின்னப் பிரிவு. அதற்கு அதிகாரி டாம் என்கிற மனிதர். மனுஷர் தங்கம், ஆனால் ஒரு முடிவெடுப்பதற்குள் மூன்று காபி குடிப்பார். நேர்காணலில் எந்த ஊர் என்றார். திருப்பூர் என்றேன். அங்கே என்ன விசேஷம் என்றார். "பனியனுங்க. நீங்க இப்பப் போட்டுருக்கற டி-சர்ட்டுகூட எங்கூர்லருந்து வந்திருக்கலாம்" என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டியதையும், அண்ணன் குமாரசாமி இப்போது சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துவதையும் சேர்த்துச் சொன்னேன். டாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "வேலை உங்களுக்குத்தானுங்க. ஆனா அந்தப் பனியன் சமாச்சாரம் நம்ம ரெண்டு பேத்துக்குள்ளயே இருக்கட்டுங்களா?" என்றார். தலையாட்டிவிட்டேன்.

முதல் கூட்டத்தின் குறிப்பை நம் தாலுகா ஆபீஸ் பாணியில் எழுதி, கடைசியில் 'ஆவன செய்யவும்' என்பதற்கு 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்' என்று போட்டு முடித்தேன். டாம் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டி, "அந்த நீட்ஃபுல் என்னன்னு யாருக்காச்சும் தெரியுமுங்களா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

அந்தக் கூட்டங்களை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. நான்கு ஊருக்கும் தனித்தனியாக ஒரு பெரிய கம்பெனி வர வேண்டும் என்று ஆசை. இரண்டு ஊர்க்காரர்கள் தண்ணீர்க் குழாய்த் தகராறில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை, அசல் பங்காளிச் சண்டை. மின்னஞ்சல் அனுப்பினால் ஒருத்தரும் வர மாட்டார்கள். பார்த்தேன். நேரில் போய்க் கூப்பிடாத விசேஷத்துக்கு எங்கள் பக்கம் மட்டும் யார் வருகிறார்கள்? காரை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாக, கடை கடையாகப் போய்க் கூப்பிட்டேன். அடுத்த கூட்டத்தில் நாற்காலி பத்தவில்லை.

எந்தப் பெரிய கம்பெனியும் வரப்போவதில்லை என்று புரிய ஆரம்பித்தபோது டாமிடம் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். திருப்பூரில் ஒரு பனியனை ஒரே ஆள் முழுசாகச் செய்வதில்லை. நூலைத் துணியாக்குவது ஒருவர், சாயம் போடுவது ஒருவர், வெட்டுவது, தைப்பது, பெட்டி போடுவது எல்லாம் வேறு வேறு ஆள். எல்லோரும் சின்ன ஆள். சேர்ந்தால் பெரிய ஆள். காலியாகக் கிடக்கும் மில்லை அப்படிப் பங்கு போட்டுச் சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கொடுத்து, எல்லோரையும் ஒரே கூட்டமைப்பாகச் சேர்த்தால் என்ன? கிழங்கு கழுவிப் பெட்டி போடுகிறவர் ஒரு மூலையில், தைக்கிறவர்கள் ஒரு மூலையில். டாமுக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "இத்தாலியில இப்பிடித்தான் பண்றாங்களாமா" என்று விளக்கினார். நான் வாயை மூடிக்கொண்டு குறிப்பு எழுதினேன். திருப்பூரில் எங்கள் பனியன்காரர்களின் அரிசிக்கடை வீதி ஒரே நாளில் இத்தாலிக்குப் போய்விட்டது.

எல்லோரும் சரி என்றார்கள், ரோண்டாவைத் தவிர. மில்லில் வேலை பார்த்த பெண்களுக்கெல்லாம் ரோண்டா சொன்னால் சொன்னதுதான். மில் மூடிய பிறகு அவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். என் மகள் மதியைத் தினமும் ஏற்றி இறக்குவதும் அவர்தான். கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "எத்தனையோ பேரு வந்து எத்தனையோ சொல்லிட்டுப் போனாங்க. ஒருத்தராச்சும் எங்ககிட்ட நெசத்தைச் சொல்லியிருக்கறாங்களா?" என்று கேட்பார். தொழிலாளர் தரப்பின் கையெழுத்து இல்லாமல் மாநில அரசின் உதவி கிடையாது. உதவி இல்லாமல் மில்லின் கூரையைக்கூட ஒட்டுப்போட முடியாது. ரோண்டா இல்லை என்றால் கூட்டமைப்பே இல்லை. நான் அவர் வீட்டுக்கு எத்தனையோ முறை போய் உட்கார்ந்தேன். கடைசியில், "பாக்கலாங் கண்ணு. தொடக்க விழாவுக்கு வர்றேன். எங்களை மறுபடியும் ஏமாத்திப்போடாதீங்க, அதுதான் வேணும்" என்றார்.

3

அந்தச் சந்தோஷத்தில்தான் அண்ணனுக்குப் போன் செய்தேன். காலிங் கார்டில் பேசுவதால் எனக்கு எப்போதும் அவசரம். அண்ணனுக்கு ஒருபோதும் அவசரம் கிடையாது. மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா என்று ஆரம்பித்து, "அப்பறஞ் சொல்லம்மிணி" என்பார்.

"கூட்டமைப்பு ஆரம்பிக்கறமுங்ண்ணா. பெரிய விழா. நாந்தான் எல்லாம் பாக்கறேன்."

"அட! அப்ப உன்ற விசேஷம்னு சொல்லு."

"ஆமாங்ண்ணா, அப்பிடித்தான் வெச்சுக்கங்களே."

அழைப்பிதழை மின்னஞ்சலில் அனுப்பினேன். மில் புகைபோக்கியும் சோளக்கதிரும் சேர்ந்த ஒரு படம், கீழே கூட்டமைப்பின் பெயர். கூடப்பிறந்தவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கட்டுமே என்றுதான் அனுப்பினேன்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூரியர் வண்டி வாசலில் வந்து நின்றது. பெரிய அட்டைப்பெட்டி. திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று டி-சர்ட். ஒவ்வொன்றின் நெஞ்சிலும் எங்கள் கூட்டமைப்பின் பெயர், புகைபோக்கி, கதிர், எல்லாம் அச்சுக் குலையாமல். மேலே மஞ்சள் கிழங்கு ஒன்று நூலில் கட்டியிருந்தது, கஸ்டம்ஸுக்கு எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. அண்ணன் சீர் அனுப்பியிருக்கிறார். சகோதரி வீட்டு விசேஷத்துக்கு வெறுங்கையோடு வருகிறவன் எங்கள் பக்கத்தில் இல்லை. வர முடியாதவர் பெட்டியை அனுப்பிவிட்டார். தட்டில் வைத்துத் தேங்காய் பழத்தோடு கொண்டுவர வேண்டியதை அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார், அவ்வளவுதான்.

எங்கள் குடும்பத்தில் யாரும் துணியை முன்பக்கம் பார்ப்பதில்லை. நானும் ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பித்தான் பார்த்தேன். தையல், நூல் பிடித்ததுபோல நேராக ஓடியிருந்தது. கழுத்தில் 'மேட் இன் இந்தியா'. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. ஐயோ சாமி! இதை எப்படி அந்த மில் வாசலில் வைத்துக் கொடுப்பேன்? அண்ணன் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது.

திருப்பி அனுப்ப முடியாது. சீரைத் திருப்புவது உறவை அறுப்பது. கொடுக்கவும் முடியாது. பெட்டியைக் கராஜில் கொண்டுபோய், பனி தள்ளும் மண்வெட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அண்ணன் போன் செய்து, "சீரு வந்துருச்சா அம்மிணி? அளவெல்லாம் பெருசாவே போட்டேன், அவங்கெல்லாம் வாட்டசாட்டமா இருப்பாங்கல்ல?" என்று கேட்டபோது, "நெம்ப நல்லா இருக்குதுங்ண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

4

மதிக்கு அப்போது எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயது. தாய்மாமனைப் போனில் 'அங்கிள்' என்பாள். நான் திருத்துவேன். அண்ணன் அந்தப் பக்கம், "உடு அம்மிணி, கொழந்தை எப்பிடிக் கூப்புட்டாலும் எனக்குத்தான" என்பார். மாமா என்ற வார்த்தை அவளுக்கு வரவே வராதோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது.

அந்தப் பெண் கராஜில் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனவள், பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் ஸ்வெட்டருக்கு உள்ளே ஒரு டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். அவள் முழங்காலைத் தாண்டித் தொங்கும் சட்டை, பேண்ட்டுக்குள் திணித்திருக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறாள். ரோண்டா, "இது எங்க கெடைச்சுது கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். இவள் பஸ் முழுவதும் கேட்கும்படி, "எங்க மாமா இந்தியாவுல செஞ்சு அனுப்பினார். அவர் ஃபேக்டரியே வெச்சிருக்கார்!" என்றாளாம். வராத 'மாமா' அன்றைக்கென்று பார்த்து வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் திட்டினேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு, "அப்பா டாக்டர்னு சொல்லலாம், மாமா டி-ஷர்ட் செய்றார்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மஞ்சள் பஸ் மறுபடியும் வந்து நின்றது. பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு ரோண்டா காலி பஸ்ஸோடு வந்திருந்தார். எங்கள் செருப்புகள் வாசலில் கிடப்பதைப் பார்த்துத் தன் ஷூவையும் கழற்றினார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெட்டியைக் கொண்டா கண்ணு."

கொண்டுவந்து வைத்தேன். ஒன்றை எடுத்தார். முன்பக்கம் பார்க்கவே இல்லை. நேராக உள்பக்கம் திருப்பி, தையலின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார். எங்கள் அப்பா செய்வதுபோலவே.

"உன்ற அண்ணன் தெச்சதா?"

"அண்ணனோட யூனிட்ல தெச்சதுங்க. அண்ணனுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க."

"பின்ன யாரு தெச்சது?"

"செல்வின்னு ஒரு அக்காளுங்க. தூத்துக்குடிப் பக்கமிருந்து பொழைக்க வந்தவங்க. எங் கல்யாணத்துல பந்தி பரிமாறுனவங்க. அண்ணனுக்கு முக்கியமான வேலைன்னா அவங்ககிட்டத்தான் குடுப்பாரு."

ரோண்டா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இப்போது உட்கார்ந்தார். "அப்ப எங்க மில்லு உங்கூருக்குத்தான் போச்சா?"

எங்கள் ஊரில் சாக்ஸ் அதிகம் பின்னுவதில்லை, அது வேறு நாட்டுக்குப் போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லையே. "எங்களுக்கு வந்த வேலையெல்லாம் யாரோ ஒருத்தருகிட்டருந்து போன வேலைதானுங்களே" என்றேன்.

"டாம் இத்தாலின்னாரு?"

"அது இத்தாலி இல்லீங்க. திருப்பூருங்க."

"ஏங் கண்ணு சொல்லலை?"

"பயமா இருந்துச்சுங்க. நீங்கெல்லாம் எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு."

அவர் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, "உங்கண்ணன் நல்லாருக்கறாரா?" என்றார்.

"முன்ன மாதிரி ஆர்டர் இல்லீங்க. இன்னும் வெலை கம்மியா எங்க கெடைக்கும்னு துணி வாங்கற கம்பெனிக்காரங்க வேற நாட்டைப் பாக்கறாங்களாமா."

ரோண்டா சிரித்தார். அது சிரிப்பு இல்லை. "அங்கயும் அதே கதைதானா? பாவம், அந்தச் செல்வி." பிறகு பெட்டியைக் காட்டி, "இதைத் திருப்பி அனுப்பிரு கண்ணு. விழாவுல இதை எடுத்தீன்னா எங்க பொண்ணுங்க தாங்க மாட்டாங்க" என்றார்.

"அது மட்டும் ஆகாதுங்க. இது சீருங்க" என்று சொல்லி, சீர் என்றால் என்ன என்று விளக்கினேன். அண்ணன் கொண்டுவந்ததை மறுத்தால் அப்புறம் அண்ணன் இல்லை என்றேன். சீர் வந்த பாத்திரத்தைக்கூட வெறுமையாகத் திருப்பித் தரமாட்டோம், ஒரு பிடி அரிசியாவது போட்டுத்தான் கொடுப்போம் என்றும் சொன்னேன். ரோண்டா ஜன்னல் பக்கம் பார்த்தார். "எனக்கும் ஒரு தம்பி. நானும் அவனும் மில்லுல பக்கத்துப் பக்கத்து மெஷினு. மூடுனதும் வேலை தேடி டெக்சாஸ் போனான். இப்ப போனுகூட இல்லை" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போகும்போது, "பெரிய அளவு இருக்குதா?" என்று கேட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். விழாவுக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

5

டாமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நான்காவது காபி குடித்தார்.

விழா அன்று மேடையில் கையெழுத்துப் போட மேசை தயார். நான்கு ஊர்த் தலைவர்கள், பண்ணைக்காரர்கள், கல்லூரிக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முதல் இரண்டு வரிசை மட்டும் காலி. அது மில் பெண்களுக்கு ஒதுக்கியது. டாம் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் ரோட்டைப் பார்க்கிறேன். அத்தனை மாதம் அலைந்ததெல்லாம் போயிற்று, என்னால்தான் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மஞ்சள் பஸ் வந்து திரும்பியது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் ரோண்டா. உடம்பில் அண்ணன் அனுப்பிய டி-சர்ட். ஆனால் உள்பக்கம் வெளியே தெரியும்படி போட்டிருந்தார். தோளிலும் பக்கவாட்டிலும் தையல் எல்லாம் வெளியே. கழுத்துக்குப் பின்னால் 'மேட் இன் இந்தியா' கொடி மாதிரி நிற்கிறது.

டாம் மெதுவாகப் போய், "ரோண்டா, சட்டை திருப்பிப் போட்டிருக்கறீங்க" என்றார்.

"தெரிஞ்சுதானுங்க போட்டுருக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரோண்டா நேராக மைக்குக்குப் போனார்.

"இது இந்த அம்மிணியோட அண்ணன் இந்தியாவுலருந்து அனுப்புனது. எங்க பொழப்பு போன பக்கத்துலருந்து வந்துருக்குது. இதைப் பாத்தா எனக்கு வலிக்குது. இல்லீன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா தையலு சுத்தமா இருக்குது, அதையும் இல்லீன்னு சொல்ல மாட்டேன். இத்தனை வருசத்துல எங்ககிட்ட நெசத்தைச் சொன்னது இந்தப் பொண்ணுதான், அதுவும் பயந்துட்டே சொல்லுச்சு. நான் கையெழுத்துப் போடறேன். சட்டையில இருக்கற பேரு மட்டும் இப்போதைக்கு உள்ளயே இருக்கட்டும். அதை நாம இன்னும் சம்பாரிக்கலை. சம்பாரிச்ச அன்னிக்குத் திருப்பிப் போட்டுக்கறேன்."

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் இன்றுவரை கூட்டமைப்புக்கு வரவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரோண்டா கையெழுத்துப் போட்டார். நான் மேடை ஓரத்தில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

விழாவில் எடுத்த படத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். "ஏம்மிணி, அந்தம்மா திருப்பிப் போட்டுருக்குது?" என்று போனில் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நான் ஒண்ணு நெனைச்சு அனுப்புனேன், அது அவங்களுக்கு அப்பிடி இருந்துருக்குது பாரு" என்றார். பிறகு, "தையலை வெளிய காட்டிட்டுப் போட்டாங்கன்னா மெய்யாலுமே தொழில்காரிதான்" என்றார்.

6

ஒரு வருஷத்தில் மில்லில் மூன்று மூலைகளில் விளக்கு எரிகிறது. பெரிதாக ஒன்றுமில்லை. கிழங்குப் பெட்டி போடுகிறார்கள். குதிரைக்காரர்களுக்குப் போர்வை தைக்கிறார்கள். துருப்பிடித்துக் கிடந்த பழைய மெஷின்களில் சிலதைத் தட்டி எழுப்பி, பண்ணை வேலைக்கு ஏற்ற தடித்த சாக்ஸ் பின்னுகிறார்கள், ரோண்டாவின் கூட்டம். பஸ்ஸையும் அவர் விடவில்லை. நம்பிக்கை வந்தாலும் ஸ்டீயரிங்கை விடக் கூடாது என்பார்.

நேற்று கேக் வெட்டும்போது ரோண்டா அந்த டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். நேராக. துவைத்துத் துவைத்துப் புகைபோக்கி கொஞ்சம் மங்கியிருந்தது, பெயர் மங்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, சட்டையைப் பாத்ததே இல்லியா?" என்றார்.

பிறகு என்னை மில்லுக்குள் கூட்டிக்கொண்டு போனார். மேசை மேல் அண்ணன் அனுப்பிய அதே அட்டைப்பெட்டி. அதை எப்போது என் கராஜிலிருந்து எடுத்துப் போனார் என்று கேட்டேன். "உன்ற பொண்ணைக் கேளு" என்றார். மதி என் பின்னால் நின்று சிரித்தாள். பெட்டிக்குள் சாக்ஸ், ஜோடி ஜோடியாகக் கட்டி அடுக்கியிருந்தது.

"வெறும் பெட்டியைத் திருப்பக் கூடாதுன்னு சொன்னியல்ல? உங்கண்ணனுக்குப் பெருசா நாலு ஜோடி வெச்சுருக்கறேன். ஆனா மொத ஜோடி அவருக்கில்லை. அந்தச் செல்விக்கு என்ன கால் அளவு?"

எனக்குத் தெரியவில்லை. அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். இங்கே இருட்டி வெகு நேரமாகியிருந்தது, அங்கே விடிந்து யூனிட் தொடங்கியிருந்தது. மெஷின் சத்தத்துக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்தியது எனக்குக் கேட்டது.

"செல்வி! உங்க கால் அளவு என்ன?"

"எதுக்குண்ணே கேக்கிய?"

"அமெரிக்காவுல ஒரு அம்மா உங்களுக்குச் சாக்ஸ் பின்னி வெச்சுருக்குதாமா. அன்னிக்கு நீங்க தெச்ச சட்டையைத் திருப்பிப் போட்டுட்டு வந்த அம்மா!"

மெஷின் சத்தம் ஒன்று நின்றது.

"நல்லாயிருக்கே! பனியன் ஊர்ல இருக்கவளுக்கு அமெரிக்காவுலருந்து சாக்ஸா?" என்று செல்வி அக்கா சிரித்தது கேட்டது. சுற்றிலும் மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. அடுத்து அவர் சொன்னது மெதுவாகத்தான் என் காதில் விழுந்தது. ரோண்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் செருப்புண்ணே. என்ன கலருன்னு கேளுங்க."